மண்டப வளைகாப்பும் சமுதாய வளைகாப்பும்

தமிழ்நாட்டில் இப்போது வளைகாப்பு இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, குடும்பம் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, மேடை அலங்காரத்தோடு நடத்துவது. மற்றது, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிப் பணியாளர்கள் முன்நின்று, ஒரு வட்டாரத்துக் கர்ப்பிணிகளை ஒன்றாக உட்காரவைத்து, அரசு செலவில் நடத்தும் சமுதாய வளைகாப்பு. இரண்டிலும் அதே கண்ணாடி வளையல்தான், அதே சந்தனம் குங்குமம்தான், இலையில் விழுவதும் அதே கலவை சாதம்தான். நடத்தும் முறையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. வளைகாப்பை எளிமையாக, பரபரப்பில்லாமல் முடிக்க வேண்டும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. நினைத்துவிட்டு எதைக் குறைப்பது என்பதில் தடுமாறுகின்றன. பெரிய மண்டபத்துக்குப் பதில் சின்ன மண்டபம், பதினைந்து வகைச் சாப்பாட்டுக்குப் பதில் பத்து வகை, பூ அலங்காரத்துக்குப் பதில் பலூன். செலவு கொஞ்சம் குறைகிறது. ஆனால் அந்தப் பெண் பட்டுப்புடவையில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது குறைவதில்லை. விழா முடிந்து இரவு அவள் காலை நீட்டிப் படுக்கும்போது கணுக்கால் வீங்கியிருப்பதும் குறைவதில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: அன்றைக்கு அந்தக் கர்ப்பிணியின் உடம்பு என்ன பாடுபட்டது, மனசு என்ன பாடுபட்டது? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை மாதத்தில் வளைகாப்பு செய்வது பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். சீமந்தத்தை ஆறிலோ எட்டிலோ வைத்து வளைகாப்பையும் அதோடு சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. ஏழுதான் பரவலாகக் காண்பது. ஏழாம் மாதம் நடப்பு என்றால் மருத்துவக் கணக்கில் சுமார் 25 முதல் 28 வாரம். அப்போது கருப்பை தொப்புளைத் தாண்டி ஏறியிருக்கும். சிறுநீர்ப்பை அழுந்துவதால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாலும் நெஞ்சு எரியும். காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்திருந்தால் இரத்தம் கீழே தேங்கிப் பாதம் வீங்கும். எந்தச் சடங்கும் இந்த உடம்பின் மேல்தான் நடக்கிறது என்பதை மறந்துவிட்டால் திட்டமிடல் முழுக்கப் பிசகிப்போகும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். மண்டப வளைகாப்பில் வந்தவர்கள் எல்லாரும் மேடையேறுகிறார்கள். ஒவ்வொருவரும் கன்னத்தில் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, அட்சதை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 200 பேருக்கு 3 மணி 20 நிமிடம் ஆகிறது. இடையில் ‘இன்னொரு தடவை சிரிங்க’ என்று புகைப்படக்காரர் நிறுத்தும் நேரம் தனி. அழகுக்கலை நிபுணர் விடியற்காலையில் வந்து அவளை உட்காரவைத்த நேரம் தனி. மேடைக்குப் போகும் படிகளுக்குப் பல மண்டபங்களில் கைப்பிடி கிடையாது. கழிப்பறை மண்டபத்தின் பின்கோடியில் இருக்கும், பட்டுப்புடவையோடும் ஒட்டியாணத்தோடும் அங்கே போய்வர ஆள் துணை வேண்டும். அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிற பெண்கள் பலர். கர்ப்பிணி தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வர வழியாகும். இதை மேடைக்குக் கீழே நின்று பார்க்கிற யாரும் யோசிப்பதில்லை.

சமுதாய வளைகாப்பில் சடங்குக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. நாற்பது பேர் வரை வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு. அதில் வளையல், மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு, பழம் இருக்கும், சில இடங்களில் புடவையும் இருக்கும். பணியாளர்கள் வரிசையாக வந்து வளையல் போட்டுப் பொட்டு வைத்து, தலையில் பூ சூட்டிப் போகிறார்கள். அந்தப் பெண்கள் அன்றாடம் கட்டும் புடவையிலோ சுடிதாரிலோ வந்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்கும் அதே வயிறு, அதே முதுகுவலி. “உனக்கு எத்தனாவது மாசம்? கால் வீங்குதா? எந்த ஆஸ்பத்திரியில பாக்குற?” என்று பேச்சு தானாகத் தொடங்குகிறது. மண்டபத்து மேடையில் அவளுக்குக் கிடைக்காதது இந்தப் பேச்சுத்துணை. அங்கே இருநூறு பேருக்கு நடுவில் கர்ப்பிணி அவள் ஒருத்திதான்.

ஆனால் அரசு நடத்துவதால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் காத்திருப்பு இருக்கிறது, அதுவும் சில நாட்களில் மிகக் கொடுமையான காத்திருப்பு. அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ ஆட்சியரோ வந்து தொடங்கிவைக்க வேண்டும் என்று காலை ஒன்பதுக்கே வரவழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை உட்காரவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை. வெயில் காலத்தில் தகரக்கூரைக் கூடத்தில் இது நடந்தால் யாருக்கானாலும் தலை சுற்றும். கர்ப்பிணிகளுக்கான நிகழ்ச்சி தலைவர்களின் வசதிக்காகத் தாமதமாவது தவறு. மண்டபத்தில் உறவினர் கூட்டம் செய்வதை இங்கே பேச்சாளர் பட்டியல் செய்கிறது. காத்திருப்பு இல்லாத சமுதாய வளைகாப்புதான் நான் பாராட்டும் சமுதாய வளைகாப்பு.

வளையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சடங்குக்குப் பெயர் கொடுத்த பொருளே அதுதான், அவதியும் அதில்தான் தொடங்குகிறது. ஏழாம் மாதத்தில் விரல்களும் புறங்கையும் இலேசாக உப்பியிருக்கும். கல்யாணத்துக்கு ‘ரெண்டு நாலு’ போட்ட கைக்கு இப்போது ‘ரெண்டு ஆறு’ வேண்டும். வளையல் அளவு உள்விட்டத்தின் அங்குலக் கணக்கு. ரெண்டு நாலு என்றால் இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நாலு பங்கும், ரெண்டு ஆறு என்றால் பதினாறில் ஆறு பங்கும். இடையில் இருப்பது எட்டில் ஓர் அங்குலம். வலித்ததா வலிக்கவில்லையா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கைபழகிய வளையல்காரர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல்களைக் குவித்து, முட்டி எலும்பு தட்டுகிற இடத்தில் ஒரு சுழற்று சுழற்றி ஏற்றிவிடுவார். பழகாத கை நேராகத் தள்ளும், வளையல் முட்டியில் மாட்டும், உடையும், கீறும். உடைந்துவிட்டால் சகுனம் சரியில்லை என்று யாராவது ஒருவர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு அவள் காதில் விழும். குழந்தை பிறக்கும்வரை அது அவள் மனசை விட்டுப் போகாது. ஃபிரோசாபாத்தில் வார்த்து லாரியில் நம் ஊர்க் கடைக்கு வந்த கண்ணாடி அது. உடைவது கண்ணாடியின் இயல்பு. குழந்தையின் நலத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இதை வீட்டுப் பெரியவர் ஒருவர் சபையில் உரக்கச் சொல்லிவிட்டால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி!

மண்டபத்தில் வரும் ஒவ்வொருவரும் ஒரு ஜோடி ஏற்ற ஆசைப்படுகிறார்கள், முழங்கைவரை வளையல் ஏறுகிறது. சமுதாய வளைகாப்பில் கைக்கு ஒரு சில வளையல்தான். எண்ணிக்கை குறைந்தால் சடங்கு குறைந்துவிடுமா என்ன? ஐந்து பெரியவர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி போட்டாலே கை நிறைந்துவிடும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பிரசவத்துக்குப் போகும்போது குளுக்கோஸ் ஊசி ஏற்றவும் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் அந்த வளையல்களை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். அதுவரை கையில் தளர்வாகக் கிடந்த வளையல் ஒருநாள் திடீரென்று இறுகினால் கை வீங்கியிருக்கிறது என்று பொருள். அதோடு தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் சேர்ந்தால் உடனே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐ எட்டினால் மருத்துவர் விடமாட்டார். இறுக்கமான வளையலை முதல்நாளே ஏற்றிவிட்டால் இந்த மாற்றம் கண்ணில் படாது. தளர்வான வளையல் வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளையல் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள். ஏறக்குறைய 24 வாரத்துக்குப் பிறகு கரு ஒலிக்கு அசைந்துகொடுக்கத் தொடங்குகிறது என்பதால், ஏழாம் மாதத்தில் அந்தச் சொல் வெறும் சம்பிரதாயப் பேச்சாக இல்லை. அப்படியானால் மேடைக்குப் பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கியை நிறுத்திச் சினிமாப் பாட்டு அலறவிடுவதும் அதே பிள்ளைக்குத்தான் கேட்கும். கனத்த தாழ்வொலிதான் வயிற்றைக் கடந்து உள்ளே எளிதாகப் போகிறது. நலுங்குப் பாட்டு பாடத் தெரிந்த ஒரு பாட்டி இன்னும் இருக்கும் வீடுகளில் ஒலிபெருக்கியே தேவையில்லை.

அடுத்தது சாப்பாடு. எனக்கு மண்டபத்தின் மேல் இருக்கும் முதல் கோபம் இங்கேதான். யாருக்காக ஐந்து வகைச் சாதமும் ஏழு வகைச் சாதமும் கிளறுகிறோமோ அவள் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறாள். விருந்தாளிகளை அனுப்பிவிட்டு, சம்பந்திகள் உட்கார்ந்து எழுந்து, புகைப்படக்காரர்கூடக் கைகழுவிய பிறகு இரண்டரை மணிக்கு அவளுக்கு இலை போடுகிறார்கள். எலுமிச்சைச் சாதம் விறைத்திருக்கும், தேங்காய்ச் சாதம் வாடை தட்டத் தொடங்கியிருக்கும். காலையில் இரண்டு இட்லியோடு புறப்பட்ட பெண் அவள். சமுதாய வளைகாப்பில் நேர்மாறு. கர்ப்பிணிகளுக்குத்தான் முதல் பந்தி. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று சாத வகைகளைச் சூட்டோடு பரிமாறுகிறார்கள். கூடத்தின் ஒரு பக்கம் முளைகட்டிய பயறு, கீரை, சிறுதானியம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் செய்த உருண்டை என்று கண்காட்சி வைத்திருப்பார்கள். எதைச் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று ஒருவர் விளக்குவார். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் காட்டும்போது, அந்த மேசை எந்த மேடை அலங்காரத்தையும்விட அவசியமானது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான்.

இனிப்பு விஷயத்தில் இரண்டு இடத்திலுமே கவனம் போதாது. கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்க்கிறார்கள், 140 மில்லிகிராமைத் தொட்டால் நீரிழிவு. இந்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டிய காலம் 24 முதல் 28 வாரம், அதாவது வளைகாப்பு வரும் அதே நாட்கள். சென்னை மருத்துவர் வி. சேஷையா இதற்காகப் பல ஆண்டு பாடுபட்டார். அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அப்படியிருக்க, பரிசோதனை முடிவு கைக்கு வரும் முன்பே வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு லட்டும் கேக்கும் அவள் வாயில் ஊட்டுவது சரியா? மறுத்தால் மனசு நோகும் என்று அவளும் வாங்கிக்கொள்கிறாள். மேடையில் இருக்கும் பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை. பரிசோதனையை முடித்துவிட்டு வளைகாப்பு நாளைக் குறிப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

பணத்துக்கு வருவோம். பெரும்பாலான சமூகங்களில் வளைகாப்புச் செலவு தாய்வீட்டின் தலையில். கல்யாணக் கடன் அடைந்து முடியாத வீட்டுக்கு ஒரு வருடத்துக்குள் அடுத்த மண்டபம், அடுத்த பந்தி, அடுத்த சீர். இருபத்தோரு தட்டு, ஐம்பத்தோரு தட்டு என்று சீர் வரிசை நீள்கிறது. ‘மூத்த மருமகளுக்கு அவங்க வீட்டுல இதைவிட ஜாஸ்தி வெச்சாங்க’ என்று ஒரு வாய் சொன்னால் போதும். அப்பா யாரிடம் வட்டிக்கு வாங்கினார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்த முகத்தோடு படத்துக்கு உட்கார வேண்டும். வளைகாப்பில் படபடப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், என் பதில்: பாதிக்குமேல் இங்கிருந்து.

சமுதாய வளைகாப்பில் எல்லாத் தட்டும் ஒரே தட்டு. தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணின் தட்டிலும் கடைக்காரர் மருமகளின் தட்டிலும் அதே மஞ்சள், அதே வளையல். எந்த அப்பாவும் அதற்குக் கடன் வாங்கவில்லை. அதோடு, கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அரசிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இன்று 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது: நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துப்பொடி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற அந்த மருத்துவரின் பெயருக்குப் பொருத்தமான தட்டு அது. வெள்ளிக் குங்குமச்சிமிழும் பீங்கான் பொம்மையும் சீர்த்தட்டில் அடுக்குவதைவிட ஒரு கிலோ பேரீச்சம்பழம் அவளுக்கு உதவும். இதை அரசாங்கம் புரிந்துகொண்ட அளவுக்குச் சொந்தபந்தம் புரிந்துகொள்ளவில்லை.

யார் வளையல் போடலாம், யார் போடக்கூடாது என்பதுதான் எனக்கு மிகவும் மனசை உறுத்துவது. மண்டபத்தில் கணவனை இழந்த அத்தை கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். குழந்தையில்லாத சித்தி சமையற்கட்டுப் பக்கம் போய்விடுவார், யாரும் போகச் சொல்லாமலே. சிறு வயதில் இந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள்தான். சமுதாய வளைகாப்பை ஏற்பாடு செய்து, தட்டு அடுக்கி, பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்துவந்து, சோறு பரிமாறுவது அங்கன்வாடிப் பணியாளர்கள். அந்தப் பணி நியமனத்தில் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. அவர்கள் கை படாமல் அந்த விழா இல்லை. சாதியும் மதமும் அங்கே கேட்பதில்லை, இஸ்லாமியப் பெண்ணும் கிறிஸ்தவப் பெண்ணும் அதே வரிசையில் வளையல் அணிந்துகொள்கிறார்கள். நூற்றாண்டுகளாக வீட்டுக்குள் பூட்டிக்கிடந்த ஒரு சடங்கு இப்படிப் பொதுவெளிக்கு வந்தது தமிழ்நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று என்பேன். நம் வீடுகள் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த அத்தையும் சித்தியும் முதல் வளையலைப் போடட்டும்.

அப்படியானால் மண்டபத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் அவளை அறிந்தவர்கள். சமுதாய வளைகாப்பில் வளையல் போடுகிறவருக்கு அவள் பதிவேட்டில் இருக்கும் ஒரு பெயர். மண்டபத்திலோ அவள் குழந்தையாக இருந்தபோது என்ன சேட்டை செய்தாள் என்று சொல்லிச் சிரிக்க ஆள் இருக்கிறது. அம்மாவின் கை சந்தனம் தடவுவதற்கு ஈடு எந்தத் திட்டத்திலும் கிடையாது. பிரசவ பயத்தோடு இருக்கும் பெண்ணுக்கு, பெற்றுப் பிழைத்த பெண்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பதே தைரியம். அந்த நெருக்கம் இருநூறு பேர் கூட்டத்தில் கரைந்துபோகிறது என்பதுதான் என் குறை. அறிந்தவர்கள் முப்பது பேரோடு வீட்டுக் கூடத்தில் நடத்தினால் நெருக்கமும் நிற்கும், சமுதாய வளைகாப்பின் ஒழுங்கும் கூடவே வரும். எனக்குப் பிடித்த வளைகாப்பு அதுதான். எப்படி நடத்தலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை இரண்டு சம்பந்தியம்மாக்களும் பேசிக்கொள்வது. நடுவில் பெண்ணையோ மாப்பிள்ளையையோ தூது விடக் கூடாது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“சம்பந்தி, முப்பது பேருக்கு மேல வேணாம்னு பொண்ணு சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?”

“எங்க பக்கத்துலயே நாப்பது பேர் இருக்காங்களே. ஒருத்தரை விட்டாலும் பேச்சு வருமேங்க.”

“விட்டவங்களை எல்லாம் குழந்தைக்குப் பேர் வைக்கறப்ப கூப்பிட்டுக்கலாங்க. இப்ப இவ உக்கார்ற நேரத்தைக் குறைக்கணும், அவ்வளவுதான்.”

இந்த ஒரு உரையாடல் நடந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். பெயர் சூட்டும் விழாவுக்குத் தள்ளிவைப்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. அன்றைக்குக் குழந்தையைப் பார்த்த சந்தோஷமும் சேரும்.

நேரம் காலையில் வைத்தால் நல்லது. பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் அவள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். தொடங்கும் முன் அவள் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். முதுகு சாயும் நாற்காலி, காலுக்கு ஒரு மணை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு. தரையில் கோலம் போட்டு மணையில் உட்காரவைக்கும் வழக்கம் உள்ள வீட்டில் ஐந்து நிமிடம் மணையில் உட்காரவைத்து ஆரத்தி எடுத்துவிட்டு நாற்காலிக்கு மாற்றிவிடலாம். பட்டு வேண்டுமென்றால் கனமில்லாத மென்பட்டு. மாலை கனத்தால் அணிவித்த உடனே கழற்றி வைத்துவிடலாம். வளையல் போட ஐந்து பேர், இல்லாவிட்டால் ஏழு பேர் போதும். மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே அட்சதை போட்டு வாழ்த்தட்டும். சந்தனம் கன்னத்தில் வேண்டாம், கையில் ஒரு பொட்டு போதும். கடையில் விற்கும் மலிவான சந்தனப் பொடியிலும் குங்குமத்திலும் என்னென்ன நிறமி கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, கர்ப்ப காலத்தில் தோல் சீக்கிரம் தடித்துப்போகும். சாம்பிராணிப் புகையும் அவளுக்கு எதிரே வேண்டாம்.

சாப்பாட்டை வீட்டுப் பெண்கள் சமைக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். சமைத்துக் களைத்தவர்களால் வாழ்த்த முடியாது. ஊரில் சிறு விசேஷங்களுக்குச் சமைத்துத் தரும் ஆள் எப்படியும் இருப்பார். ஐந்து வகைச் சாதம், ஓர் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கீரைக் கூட்டு, வடை, அப்பளம். இதற்கு மேல் போனால் மிச்சமாகும். அவளுக்கான இலையை முதலில் போட்டு, பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்து, அவள் எதைச் சாப்பிடுகிறாள் எதை ஒதுக்குகிறாள் என்று கவனித்துப் பரிமாறச் செய்ய வேண்டும். அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அதிலேயே “சீர், பரிசுப்பொருள் வேண்டாம். அவசியம் கொடுக்க வேண்டுமென்றால் பேரீச்சை, பருத்தித் துணி” என்று எழுதிவிடுவதில் கூச்சமே வேண்டாம். பழைய பருத்தி வேட்டி, புடவைகளைத் துவைத்துக் கொண்டுவந்து தரும் பாட்டிகள் இருக்கிறார்கள். பச்சைக்குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது.

வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீடு போவாள். மண்டப ஏற்பாட்டில் யாரும் நினைக்காத பகுதி இது. சமுதாய வளைகாப்பில் செவிலியர் பக்கத்திலேயே நிற்பதால் மறக்காமல் நினைவூட்டுவார். புது ஊருக்குப் போகிறவள் எடுத்துப்போக வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, இதுவரை எடுத்த ஸ்கேன், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், மாத்திரைகள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண்ணைக் கேட்பார்கள். தாய்வீட்டு ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் வந்த வாரத்திலேயே பெயரைச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து பிரசவ மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், இரவில் 108 வந்து சேர எந்த வழி என்பதை வீட்டு ஆண்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சீர்த்தட்டு எண்ணுவதைவிட அது உருப்படியான வேலை.

முன்பு ஒரு கரு கலைந்துபோன பெண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவளுக்குப் பெரிய கூட்டமே பயம். ‘எல்லாருக்கும் சொல்லிட்டோமே, ஏதாவது ஆயிட்டா’ என்று ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு அம்மா, மாமியார், இரண்டு மூன்று நெருங்கிய பெண்கள் மட்டும் கூடி, ஒரு ஜோடி வேப்பிலைக் காப்பும் கொஞ்சம் கண்ணாடி வளையலும் போட்டு, தயிர்ச்சாதம் பிசைந்து கொடுத்தால் போதும். அதுவும் முழுமையான வளைகாப்புதான். அதைக் குறைவென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்து, “உனக்கு எத்தனை பேர் வரணும்? எவ்வளவு நேரம் உன்னால உக்கார முடியும்?” என்று ஒரு தடவை கேளுங்கள். நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுக்கும்போது அவளுடைய தாய் சேய் நல அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரத்தில் அவளுக்கு என்ன பரிசோதனை இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் பகுதி அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடந்தால் வசதியுள்ள வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் அவளை அனுப்பிவையுங்கள்.